என் மகளுக்கு ஆற்றங்கரையான் அனுப்பிய காது

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆனி மாதத்தில் என் மகள் கம்சிகா பேசுவதை நிறுத்தினாள். நோய் ஒன்றும் இல்லை. விழுந்து அடிபடவும் இல்லை. அவளுடைய எதிர்காலத்தைத் திறந்துவிட வந்தவர்கள் மூன்று நாள் பயிற்சி கொடுத்து, கழுத்தில் அட்டை மாட்டி, கையில் சான்றிதழும் கொடுத்து, அவள் வாயை மூடிவிட்டுப் போனார்கள்.

இதை வாசிக்கும் அடியார்களுக்கு நான் யார் என்று சொல்ல வேண்டும். என் பெயர் விஜயராணி. எங்கள் வீடு யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு என்ற ஊரில், ஆற்றங்கரையான் என்று நாங்கள் கூப்பிடும் சந்நிதி முருகனின் மணி கேட்கும் தூரத்தில் இருக்கிறது. கணவர் குணம் கடற்றொழில் செய்கிறவர். நான் மகள் படித்த பாடசாலையில் சிற்றுண்டிக் கன்ரீன் நடத்துகிறேன். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை. எனக்கு வாய் காரம் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மைதான். முருகன் எங்களுக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த மனிதர்கள் செய்ததையும் சொல்ல வேண்டும். அவர்களைப் பற்றி இனிமையாக எழுத எனக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கம்சிகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே கொன்னை. முதல் எழுத்திலேயே சொல் நின்றுவிடும். கண்ணை மூடி, கழுத்தை இறுக்கி, திக்கித் திக்கித்தான் வெளியே வரும். வீட்டில் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை இருப்போம். கூடப் படித்த பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பில் அவள் கணிதப் பிரிவு. கடினமான கணக்கென்றால் எழும்பிப் போய்க் கரும்பலகையில் செய்து முடித்துவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் வந்து இருப்பாள். அவளுடைய ஆசிரியருக்கு அது போதுமாக இருந்தது. எங்களுக்கும் போதுமாக இருந்தது.

அந்த ஆனியில் வெளிநாட்டிலிருந்து ஓர் அறக்கட்டளை வந்தது. உயர்தர மாணவர்களைப் பல்கலைக்கழகத்துக்கும் தொழிலுக்கும் ஆயத்தப்படுத்தும் பயிற்சியாம். ‘நாளைய நாங்கள்’ என்று அதற்குப் பெயர். பாடசாலை வாசலில் பெரிய பனர் கட்டினார்கள். அதில் ஒரு பிள்ளையின் படமும் இல்லை. வந்தவர்களின் படம்தான். நடுவில் கோட் போட்ட ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர்தான் பயிற்றுநர், சுதன். அவரைக் ‘கோச்’ என்று கூப்பிட வேண்டும் என்று அதிபர் காலைக் கூட்டத்தில் அறிவித்தார். என்ன விளையாட்டுக்குக் கோச் என்று ஒருவரும் கேட்கவில்லை.

தேநீரும் சிற்றுண்டியும் என் பொறுப்பு. ஆகவே மூன்று நாளும் நான் மண்டபத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தேன். நடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

முதல் நாள் ஒரு கேள்வித்தாள். கொண்டாட்டம் ஒன்றுக்குப் போனால் நீங்கள் மூலையில் இருப்பீர்களா, நடுவில் நிற்பீர்களா என்ற மாதிரிக் கேள்விகள். பிள்ளைகள் அதை நிரப்பிக் கொடுத்ததும் அவர்களைச் சிங்கம், டொல்பின், புறா, ஆந்தை என்று பிரித்தார்கள். சிங்கம் முகாமையாளராக வருமாம். டொல்பின் வியாபாரத்தில் வெல்லுமாம். ஆந்தை பின்னால் இருந்து மற்றவர்களுக்கு உதவி செய்யுமாம். கம்சிகா ஆந்தை. ஆறாம் வகுப்பிலிருந்து அவளைப் படிப்பித்த ஆசிரியர்கள் சுவரோரம் வாய் பார்த்துக்கொண்டு நிற்க, காலையில் வந்து இறங்கிய மனிதர் மத்தியானத்துக்குள் எல்லாப் பிள்ளைகளின் தலையெழுத்தையும் எழுதி முடித்தார். பிரமனுக்குக்கூட அவ்வளவு வேகம் இல்லை.

இரண்டாம் நாள் பழைய சஞ்சிகைகளும் கத்தரிக்கோல்களும் கொடுத்தார்கள். வாழ்க்கையில் என்ன வேண்டுமோ அதை வெட்டி அட்டையில் ஒட்ட வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுத இருக்கும் பிள்ளைகள் தரையில் குந்தியிருந்து காரும் பனிமலையும் மாடிவீடும் வெட்டி ஒட்டினார்கள். பிறகு கதிரைகளில் ஏறி நின்று “என்னால் முடியும்” என்று கத்தச் சொன்னார்கள். இரண்டு கதிரை உடைந்தது. அதற்கு ஒருவரும் பொறுப்பெடுக்கவில்லை. எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கலாம், வெட்டுப்புள்ளி எப்படிப் போடுகிறார்கள், இடம் கிடைக்காத பிள்ளைக்கு வேறு என்ன வழி இருக்கிறது என்று அந்த மூன்று நாளில் ஒரு சொல் நான் கேட்கவில்லை. ஒரு மாணவன் எழும்பி அதைத்தான் கேட்டான்.

“தம்பி, முதல்லை பெரிசாக் கனவு காணுங்கோ. டீடெயில்ஸ் எல்லாம் பிறகு,” என்றார் கோச்.

விடை தெரியாத ஆளுக்குக் கனவு நல்ல வசதி.

மூன்றாம் நாள் மேடை. ‘நான் யார்’ என்று ஒவ்வொரு பிள்ளையும் ஏறி இரண்டு நிமிடம் பேச வேண்டும். நன்றாகப் பேசுகிறவர்களுக்கு அறக்கட்டளை பல்கலைக்கழகக் காலம் முழுவதும் உதவி செய்யுமாம். இடைவேளையில் கோச்சுக்குத் தேநீரும் ரோல்ஸும் கொண்டுபோனேன்.

“சேர், என்ரை பிள்ளைக்குக் கொன்னை. அவவை மேடைக்கு இழுக்காதேங்கோ,” என்று சொன்னேன்.

அவர் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

“அன்ரி, உதெல்லாம் மனசிலை தான் இருக்கு. இண்டைக்கு உடைச்சுக் காட்டுறன் பாருங்கோ.”

சொல்லிவிட்டு இன்னொரு ரோல்ஸ் எடுத்தார்.

கம்சிகாவின் பெயரைக் கூப்பிட்டபோது அவள் ஏற மாட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் ஏறினாள். பிள்ளை ஏதோ யோசித்து வைத்திருக்கிறாள் என்று அவள் நடையிலேயே தெரிந்தது. மைக்கைப் பிடித்து, “எ… எங்கடை ஆ… ஆத்திலை…” என்று தொடங்கினாள்.

கோச் ஓடிப்போய் அவள் தோளில் கை வைத்தார். “நிப்பாட்டுங்கோ. எல்லாரும் தங்கச்சிக்கு உதவி செய்வம். அவ ஒரு சொல் சொல்ல, நாங்கள் ஒருக்காக் கை தட்டுவம். சரியோ?”

“மா… மாரியிலை,” என்றாள் அவள். மண்டபம் கை தட்டியது.

“க… கதவு.” கை தட்டினார்கள்.

“தி… திறந்து.” பின்வரிசையில் ஒருவன் விசிலும் அடித்தான்.

“ஏ… ஏன்…”

அதற்கு எல்லாரும் எழும்பி நின்று தட்டினார்கள். கம்சிகா வாயைத் திறந்தபடி நின்றாள். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது.

நான் தேநீர்த் தட்டைப் பின்னால் கிடந்த மர வாங்கில் வைத்தேன். நடுவால் நடந்துபோய் மேடையில் ஏறி அவள் கையைப் பிடித்தேன். நாங்கள் இறங்கும்போது அந்த மனிதர் மைக்கில் சொன்னார்: “அம்மாவுக்கும் ஒரு பெரிய கைதட்டு.”

தட்டினார்கள்.

அடுத்த கிழமை அது முகநூலில் வந்தது. பின்னால் பியானோ வாசிக்கிற சத்தம் சேர்த்து, ‘ஒரு மாணவியின் மௌனத்தை உடைத்தோம்’ என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அவர்கள் அதைப் போட்ட அன்று என் பிள்ளை வீட்டில் பேசாமல் இருக்கத் தொடங்கி ஏழு நாள் ஆகிவிட்டது. சொந்தக்காரர் எல்லாரும் அந்த வீடியோவை எனக்கே அனுப்பினார்கள். ‘கண் கலங்கிவிட்டது’ என்று எழுதினார்கள். கண் கலங்கியவர்களில் ஒருவரும் எங்கள் வாசல் படலைக்கு வரவில்லை. பஸ் தரிப்பிடத்தில் அவளைக் கண்ட பெடியன்கள் “ஏ… ஏன்” என்று சொல்லிக் கை தட்டினார்கள். அன்றிலிருந்து அவள் பாடசாலைக்கும் போகவில்லை, ரியூசனுக்கும் போகவில்லை. புத்தகங்களை ஓர் உரப்பையில் கட்டி அலுமாரிக்கு மேல் வைத்தாள்.

நான் அதிபரிடம் போனேன். வீடியோவை எடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

“அவை நல்லெண்ணத்திலை தான் செய்தவை, அக்கா. நீங்கள் இதைப் பெரிசாக்காதேங்கோ. அடுத்த முறை வரேக்கை கொம்பியூட்டர் தாறம் எண்டு சொல்லியிருக்கினம்,” என்றார்.

அறக்கட்டளைக்கும் போனில் எழுதினேன். ‘உங்கள் மகள் பலருக்கு உந்துதலாக இருக்கிறார், நன்றி’ என்று பதில் வந்தது. பக்கத்தில் இரண்டு கை கூப்பிய படம். அந்தப் படத்தைப் பார்க்க எனக்கு வந்த அருவருப்பு புழுத்த மீனைப் பார்க்கும்போதுகூட வந்ததில்லை.

வீட்டில் அவள் ஆம் என்றால் தலையை அசைப்பாள், இல்லை என்றால் பார்க்காமல் இருப்பாள். ஒரு சொந்தக்காரி வந்து, “தையல் பழக்கிவிடு, வெளிநாட்டிலை ஒரு மாப்பிள்ளை பாப்பம். அங்கை ஆர் கதைக்கக் கேக்கினம்,” என்றாள். குணம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிராமலே சொன்னார்: “நான் கடலிலை விடிய வெளிக்கிட்டால் கரைக்கு வரும்மட்டும் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை. எனக்கு இப்ப என்ன குறைஞ்சு போச்சு? அவள் படிக்க வேணும். நீங்கள் தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ.”

ஒரு நாள் மத்தியானம் நான் வேலை முடிந்து நேரத்தோடு வந்துவிட்டேன். கம்சிகா கிணற்றடியில் தனியே இருந்தாள். சத்தம் வராமல் வாயை அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல முயன்றாள். என்னைக் கண்டதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அன்றைக்குத்தான் எனக்கு உள்ளுக்குள் எல்லாம் விட்டுப்போயிற்று. நான் பெற்ற பிள்ளை என்னைக் கண்டு வாயை மூடுகிறாள். வாளியை எடுத்துத் தண்ணீர் அள்ளுவதுபோல நின்று அழுதேன்.

அந்த வெள்ளிக்கிழமை சந்நிதிக்கு வெறுங்காலுடன் நடந்துபோனேன். பிறகு ஒவ்வொரு வெள்ளியும் போனேன். இரண்டு வேண்டுதல் வைத்தேன். ஒன்று, அந்த வீடியோ இல்லாமல் போக வேண்டும். இரண்டு, பிள்ளையின் கொன்னை மாற வேண்டும். முதலில் பணிவாகத்தான் கேட்டேன். ஆடி மாதம் முழுவதும் கேட்டும் ஒன்றும் நடக்காமல்போகப் பணிவு போய்விட்டது. “கையிலை வேலை வைச்சுக்கொண்டு என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? உந்தக் கோட்டுப் போட்டவனுக்கு மைக் குடுக்கத் தெரியும், என்ரை பிள்ளைக்கு ஒரு சொல் குடுக்கத் தெரியாதோ?” என்று முருகனிடமே சண்டை பிடித்தேன். பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனார்கள். அவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

ஆவணியில் கொடி ஏறியது. நான் கற்பூரச்சட்டி எடுப்பதாக நேர்ந்தேன். கம்சிகா அந்த நாட்களில் கடைக்குப் போக மாட்டாள், கலியாண வீட்டுக்கு வர மாட்டாள். சந்நிதிக்கு மட்டும் தானாகவே வெளிக்கிட்டு வந்தாள். ஏன் என்று எனக்கு அங்கே போய்த்தான் விளங்கியது. எங்கள் சந்நிதியில் பூசை செய்கிறவர் வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார். மந்திரம் சொல்வதில்லை. அவர் பேசாமல் தீபம் காட்ட, முருகன் பேசாமல் ஏற்றுக்கொள்வான். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். நான் பிறந்ததிலிருந்து பார்த்த பூசை. கம்சிகா முன்னால் நின்று கண் எடுக்காமல் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடத்துக்குப் போய், அன்னதானத்துக்கு இருந்தவர்களுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அங்கே ஒருவரும் அவளை எதையும் சொல்லச் சொல்லவில்லை. பல நாளுக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருக்கக் கண்டேன். நான் நெருப்புச் சட்டியோடு சுற்றி வந்தேன். கை சுட்டுப் பொக்களித்தது. முருகா, நான் கேட்டுக் களைத்துப்போனேன், இனி உன் பாடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தீர்த்தம் முடிந்த கிழமை, கன்ரீனில் மத்தியானச் சாப்பாடு முடிந்து சட்டி கழுவிக்கொண்டு நின்றேன். மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்து, “அ… அ… அக்கா…” என்றார்.

எனக்குத் தலை கொதித்தது. பெடியன்கள் போதாதென்று வளர்ந்த மனிதனும் நையாண்டி பண்ண வந்துவிட்டான் என்று நினைத்தேன். கையிலிருந்த அகப்பையோடு முன்னுக்கு வந்தேன். அப்போதுதான் அவருடைய கழுத்தைக் கண்டேன். நரம்பு புடைத்திருந்தது. கண் மூடியிருந்தது. என் பிள்ளைக்கு எப்படி வருமோ அப்படியே. நான் அகப்பையை இறக்கினேன்.

“ஆறுதலாச் சொல்லுங்கோ, தம்பி,” என்றேன்.

“அ… அந்த வீடியோவிலை வாற பிள்ளையின்ரை அ… அம்மா நீங்களோ?”

“ஓம். என்ன வேணும்?”

“பி… பிள்ளை ஏன் எண்டு ஒரு கே… கேள்வி கேக்கத் தொடங்கினவ. அதை மு… முடிக்க விடேல்லை. அந்தக் கேள்வி என்னெண்டு அ… அறியலாமோ?”

நான் பக்கத்திலிருந்த வாங்கில் குந்திவிட்டேன். எத்தனை பேர் பார்த்த வீடியோ. எத்தனை பேர் கண்ணீர் விட்ட வீடியோ. அந்தப் பிள்ளை என்ன சொல்ல வந்தாள் என்று இந்த ஒரு மனிதர்தான் வந்து கேட்டார். எனக்கும் தெரியாது என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது.

அவர் பெயர் தவரூபன். கொடிகாமத்துக்காரர். தண்ணீர் சம்பந்தமான ஓர் அரச அலுவலகத்தில் பொறியியலாளர். கூட வேலை செய்கிற ஒருவர், உன்னைப்போல ஒரு பிள்ளை என்று சொல்லி அந்த வீடியோவை அவருக்கு அனுப்பியிருக்கிறார். ஆறு, மாரி, கதவு, ஏன் என்ற நான்கு சொல்லையும் கேட்டதும் இது ஆற்று வாயில் கதவுகள் வைத்துக் கட்டிய தொண்டைமானாற்றுத் தடுப்பணையைப் பற்றிய கேள்வி என்று அவருக்கு விளங்கிவிட்டதாம். பிள்ளைகளின் கழுத்தில் தொங்கிய அட்டையில் பாடசாலையின் பெயரைப் பார்த்து விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“பிள்ளை இப்ப ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை, தம்பி,” என்றேன்.

“நா… நான் வீட்டை வந்து பா… பாக்கலாமோ? கதைக்காட்டிப் ப… பரவாயில்லை.”

ஞாயிற்றுக்கிழமை வந்தார். குணம் வீட்டில் இருந்தார். கம்சிகா அறைக்குள் போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டாள். தவரூபன் அவளைக் கூப்பிடவில்லை. குணத்தோடு கடலைப் பற்றியும், ஆற்று வாயில் மண் மூடுவதைப் பற்றியும், எந்த மாதத்தில் எங்கள் கிணறு உவர்க்கத் தொடங்கும் என்பதைப் பற்றியும் கதைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லிலும் நின்றார். நின்றதற்கு வெட்கப்படவில்லை. குரலைத் தாழ்த்தவும் இல்லை. வளர்ந்த ஆண் ஒருவர், அதுவும் பொறியியலாளர், அவளைப் போலவே திக்கித் திக்கி, அவசரமில்லாமல் பேசுவதைத் திரைக்குப் பின்னால் இருந்து பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தாள். சீலை கொஞ்சம் அசைந்தது. பிறகு அவள் வெளியே வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

தவரூபன் அவளைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. குணத்தோடு பேச்சைத் தொடர்ந்தார்.

“மா… மாரியிலை…” என்றாள் கம்சிகா.

ஆனியிலிருந்து நான் கேட்காத குரல். தவரூபன் அவள் பக்கம் திரும்பி, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவள் சொல் நின்ற இடத்தில் அவரும் பொறுத்தார். ஒரு சொல்லையும் அவர் எடுத்துக்கொடுக்கவில்லை. நான் வைத்த பால் விடாத பிளேன்ரீ ஆறிப் போயிற்று. அவள் சொல்லி முடித்தாள்.

அவள் கேட்க நினைத்தது இதுதான். மாரியில் தடுப்பணைக் கதவுகளைத் திறந்து நல்ல தண்ணீரைக் கடலுக்கு விடுகிறார்கள். கோடையில் எங்கள் கிணறுகள் உவர்க்கின்றன. கதவை எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள், ஏன் இன்னும் கொஞ்சம் முந்தி மூட முடியாது? தான் அதைப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று மேடையில் சொல்ல நினைத்திருக்கிறாள். ‘நான் யார்’ என்ற கேள்விக்கு அவளிடம் இருந்த விடை அது. அதற்குத்தான் அந்த மண்டபம் கை தட்டி முடிவு கட்டியது.

தவரூபனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “தி… திறக்காட்டி வயலெல்லாம் வெள்ளம் நிக்கும், பிள்ளை. ஆனால் எப்ப மூ… மூட வேணும் எண்டது தான் கேள்வி. அதுக்கு எங்களிட்டையும் மு… முழு விடை இல்லை. ஆராவது அளந்து பாக்க வேணும்.”

“அ… அளக்கலாமோ?” என்றாள் அவள்.

“வா. கா… காட்டுறன்.”

அன்று பின்னேரம் குணமும் அவளும் அவரோடு தடுப்பணைக்குப் போனார்கள். நான் வீட்டில் நின்று சந்நிதிப் பக்கம் பார்த்துக் கும்பிட்டேன். திரும்பி வந்தபோது பிள்ளையின் பாவாடைக் கரையெல்லாம் சேறு. வாய் ஓயவில்லை. திக்கியது, நின்றது, மறுபடி வந்தது. சாப்பிட்டுக்கொண்டே தகப்பனோடு உப்புத்தண்ணீரைப் பற்றி வாதாடினாள். சாப்பாடு முடிந்ததும் கதிரையில் ஏறி உரப்பையை இறக்கினாள்.

தவரூபன் பிறகும் சில ஞாயிறுகளில் வந்தார். எந்தப் பாடத்தைப் படித்தால் தண்ணீர் வேலைக்குப் போகலாம், பொறியியல் கிடைக்காவிட்டால் விஞ்ஞான பீடத்தால் எப்படிப் போகலாம், அதுவும் இல்லையென்றால் டிப்ளோமாப் படிப்பு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். பனர் கட்டவில்லை. கழுத்தில் அட்டை மாட்டவில்லை. சிங்கமா ஆந்தையா என்று கேட்கவில்லை. ஒரு நாள் கம்சிகா அவரிடம் கொன்னை எப்போது மாறும் என்று கேட்டாள்.

“எனக்கு மா… மாறேல்லை. நேர்முகப் பரீட்சையிலை கெ… கெதியாச் சொல்லுங்கோ எண்டவை. நீ… நீங்கள் பொறுங்கோ எண்டன். பொ… பொறுத்தவை,” என்றார்.

அவள் அதைக் கேட்டுச் சிரித்தாள். கார்த்திகையில் பரீட்சை எழுதினாள். அடுத்த சித்திரையில் முடிவு வந்தது. பொறியியலுக்குப் புள்ளி போதாமல்போனது. பௌதிக விஞ்ஞானத்துக்கு யாழ்ப்பாணத்திலேயே இடம் கிடைத்தது. அவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தாள். பிறகு தவரூபனுக்குத் தானே போன் எடுத்து, நெடுநேரம் திக்கித் திக்கிக் கதைத்துவிட்டு, அந்தப் படிப்பாலும் தண்ணீர் வேலைக்குப் போகலாமாம் என்று வந்து சொன்னாள்.

அடியார்களே, என்னுடைய இரண்டு வேண்டுதலையும் நினைத்துப் பாருங்கள். அந்த வீடியோ இன்றைக்கும் இருக்கிறது. அந்தக் கொன்னையும் இருக்கிறது. நான் கேட்ட இரண்டில் ஒன்றையும் முருகன் தரவில்லை. முதல் வேண்டுதலை அவன் தந்திருந்தால் தவரூபன் அந்த வீடியோவைப் பார்த்திருக்க மாட்டார். நான் அழித்துவிடு என்று மன்றாடிய அந்தக் குப்பைக்குள் கையை விட்டுத்தான் அவன் என் பிள்ளைக்கு ஒரு காதை எடுத்துக் கொடுத்தான். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் பிடித்த சண்டையையும் அவன் மனதில் வைக்கவில்லை.

அதற்காக அந்த மனிதர்களுக்கு நான் நன்றி சொல்வேன் என்று நினைக்காதீர்கள். சேற்றிலிருந்து முருகன் ஒரு பொருளை எடுத்தால் நான் முருகனைத்தான் கும்பிடுவேன்.

போன ஐப்பசியில் அவர்கள் மறுபடி வந்தார்கள். புதுப் பனர், அதே கோட். கம்சிகா பல்கலைக்கழகம் தொடங்கும்வரை கன்ரீனில் எனக்கு உதவியாக நின்றாள். கோச் உள்ளே வந்து கையை விரித்தார்.

“அன்ரி, எங்கடை பிள்ளைக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுதாம். எங்கடை புரோகிராமின்ரை சக்சஸ் ஸ்ரோரி. நாளைக்கு மேடையிலை ஒரு அஞ்சு நிமிசம் தங்கச்சி கதைச்சால் போதும்.”

எங்கடை பிள்ளை. நான் வாயைத் திறக்க முன் கம்சிகா என் கையைப் பிடித்தாள்.

“நா… நான்…”

“வாறன் எண்டுறா,” என்றார் அவர், பக்கத்தில் நின்றவரிடம்.

கம்சிகா நிறுத்தினாள். முதலிலிருந்து தொடங்கினாள். “நா… நான் சொ… சொல்லி முடிக்கும்மட்டும் நீ… நீங்கள் இருங்கோ. அ… அண்டைக்கு நான் என்ன கே… கேக்க வந்தனான் எண்டு உங்களுக்குத் தெ… தெரியுமோ?”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். “கொன்பிடன்ஸ் பற்றித் தானே, தங்கச்சி?”

என் பிள்ளை அவரை மேலும் கீழும் பார்த்தாள். கோபம் இல்லை. அழுகை இல்லை. சந்தையில் பழுதான மீனைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் பார்க்கும் பார்வை அது. “வ… வரேல்லை,” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். இந்த முறை நான் அவருக்கு ரோல்ஸ் நீட்டவில்லை.

இப்போது அவள் காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் வருகிறாள். விரிவுரையில் கையை உயர்த்திக் கேள்வி கேட்கிறாளாம். நேரம் எடுக்குமாம். எடுக்கட்டும். குணம் கடலுக்குப் போக முன் சந்நிதிப் பக்கம் திரும்பி நின்று கும்பிடாமல் படகைத் தள்ளுவதில்லை. அதற்கு முன் அவர் திருவிழாவுக்கு மட்டும் கோயிலுக்குப் போனவர். நான் வெள்ளிக்கிழமைகளில் இப்போதும் போகிறேன். முருகனுக்கு வேலை சொல்லிக் கொடுப்பதை விட்டுவிட்டேன்.

உங்கள் பிள்ளைக்கும் ஏதாவது ஒன்று இல்லை என்று யாராவது மைக்கில் சொல்லியிருக்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை அறைக்குள் சீலையை இழுத்துவிட்டு இருக்கலாம். அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் ஆற்றங்கரைக்கு வாருங்கள். அவன் முன்னால் நில்லுங்கள். சொல்ல வந்தால் சொல்லுங்கள், வராவிட்டால் சும்மா நில்லுங்கள். அவன் கேட்பான். பூசை முடிந்ததும் மடத்தில் சோறு இருக்கும். உங்கள் பிள்ளையை ஒருவரும் மேடைக்குக் கூப்பிட மாட்டார்கள்.